ஒரேயொரு ஆளுக்குத்தான் சொன்னேன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு கையேடு தந்திருப்பார்கள். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிப்பு. பாதிப் பக்கங்களில் "சூழ்நிலையைப் பொறுத்து முடிவெடுக்கவும்" என்று இருக்கும். மிச்சப் பக்கங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள். அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன், அந்த உரிமையில் சொல்கிறேன்: வாசியுங்கள், ஆனால் வேலையே அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த முறை சேர்ந்தவர்களில் நாலு பேர் எங்கள் ஆட்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் சொல்லப்போகும் பிழை, எங்கள் ஆட்களால் மட்டுமே இவ்வளவு திறமாகச் செய்யக்கூடியது. அதை மற்றவர்கள் வாசித்துச் சிரிப்பதற்கு நான் ஏன் வசதி செய்து கொடுக்கவேண்டும்?

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் விளங்கப்படுத்தத்தான் தெரியாமல் முழிப்பீர்கள். பதினொரு வருடம் வேலை செய்தேன், என் மாமியார் கடைசிவரை "மருமகன் ட்ரக் கொம்பனியில" என்றுதான் சொன்னார். சண்டை ஓயாத நாடுகளில் கிணறு தோண்டவும் தடுப்பூசி போடவும் உதவி அமைப்புகள் போகின்றன. அவர்களுடைய சாமான்களும் ஆட்களும் பத்திரமாகப் போய்ச் சேர்கிறார்களா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. அதை நாங்கள் ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில், ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில் இருந்து பார்க்கிறோம். நாலு கணினித் திரை, ஆறு தொலைபேசி, கீழே பல் துளைக்கும் சத்தம். சினிமாவில் காட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்று வந்த முதல் நாளே கண்டிருப்பீர்கள்.

இனி எங்கள் வியாதிக்கு வருகிறேன். அதன் பெயர் "தெரிஞ்ச ஆள்". நான் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது தங்கிய பேஸ்மென்ட் தெரிந்த ஆளுடையது. முதல் வேலை தெரிந்த ஆள் எடுத்துத் தந்தது. லைசென்ஸ் எடுக்கப் பழக்கியது, பல்லுக் கட்டியது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, எல்லாம் தெரிந்த ஆள். இந்த வேலையும் அப்படித்தான். பதினைந்து வருடம் கூரியர் கொம்பனியில் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தவனை, என் தங்கையின் புருஷனுக்குத் தெரிந்த ஒருவர் இங்கே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். ஒரு சிக்கல் வந்தால் எங்கள் சனம் யோசிப்பதில்லை, நேரே தொலைபேசியைத் தூக்கும்.

வேலையில் சேர்ந்ததும் ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு பழைய பண்ணையில் பயிற்சி வைத்தார்கள். முன்பு இராணுவத்தில் இருந்த ஒருவர், உடம்பெல்லாம் பொக்கெட் வைத்த காற்சட்டை போட்டுக்கொண்டு, கடத்தப்பட்டால் எப்படி நடந்துகொள்வது என்று இரண்டு நாள் படிப்பித்தார். இரண்டாம் நாள் திடீரென்று முகமூடிக்காரர்கள் வந்து எங்கள் கண்ணைக் கட்டி, கையைக் கட்டி, ஒரு கொட்டிலில் முழங்காலில் இருத்தினார்கள். பயந்துதான் போனேன். அப்போது என் காதுக்குள் ஒரு குரல் கேட்டது.

"அங்கிள், கட்டு இறுக்கமா இருக்கோ?"

முகமூடிக்குள் இருந்தது என் மனைவியோடு வேலை செய்யும் அன்ரியின் மகன். காசுக்கு நடிக்க வந்தவன். கட்டைத் தளர்த்தி, குடிக்கத் தண்ணீரும் தந்தான். மற்றவர்கள் இரண்டு மணித்தியாலம் முழங்காலில் நிற்க, நான் வைக்கோலில் சாய்ந்து இருந்தேன். பயிற்சியின் முடிவில் பொக்கெட் காற்சட்டைக்காரர் என்னைக் காட்டி, "நெருக்கடியில் நிதானம் இழக்காதவர்" என்று பாராட்டினார். தெரிந்த ஆள் இருந்தால் கடத்தல்கூட வசதியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் தலைக்கனம் கூடிவிட்டது. ஒருமுறை தண்ணீர்ப் பம்ப் உதிரிப்பாகங்கள் ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தன. கடிதம் எழுதி எழுதி எல்லோரும் களைத்துவிட்டார்கள். இங்கே பக்கத்தில் வோபர்னில் நான் மத்தியானம் சாப்பிடப் போகும் கடையின் முதலாளி அந்த நாட்டுக்காரர். நல்ல மனுஷன், ஆட்டிறைச்சிச் சோறு போட்டால் பாத்திரம் தெரியாது. அவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவருடைய தங்கையின் கணவரின் நண்பர் துறைமுகத்தில் இருந்தார். எந்தத் தாளில் எந்த முத்திரை இல்லை என்று ஒரே நாளில் தெரிந்துவிட்டது, அந்த வாரமே சாமான் வெளியே வந்தது. அலுவலகத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள்.

நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். அந்தப் பாதையில் இன்றைக்கும் எங்கள் வண்டிகள் ஓடுகின்றன.

எங்கள் அறைக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் பெண். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். பெயரை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார், எழுதினால் வழக்குப் போடுவாராம், அதனால் தலைவி என்றே சொல்கிறேன். நெருக்கடி வந்தால் மற்ற மேலாளர்கள் எழும்பி நிற்பார்கள், இவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். முதல் ஆறு மாதம் அதைச் சோம்பல் என்றுதான் நினைத்தேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அது ஒரு பெப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் முறை காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். அந்த நாட்டில் அப்போது மத்தியானம் ஒரு மணி. யூசுப் என்ற டிரைவர், பம்ப் மெக்கானிக் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு கிராமத்தில் வேலை முடித்து நகரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மணிக்கு ஒருமுறை எங்களுக்கு அழைத்து எங்கே நிற்கிறார் என்று சொல்லவேண்டும், அதுதான் ஒழுங்கு. யூசுப்போடு நான் மூன்று வருடமாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். நேரில் கண்டதில்லை. இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே அளவுக்கு உடைசல், அதனால் நன்றாக ஒத்துப்போனது.

ஆறு பத்துக்கு அழைத்தார். "எல்லாம் நலம், பாதை நல்லது" என்றார். ஏழு பத்துக்கு அழைப்பில்லை. ஒன்று தவறினால் பொறுத்திருக்கவேண்டும், பொறுத்திருந்தேன். எட்டுப் பத்துக்கும் இல்லை. நான் எடுத்துப் பார்த்தால் போன் அணைந்திருந்தது. அங்கே பொழுது படுவது எங்கள் நேரம் பத்தேகாலுக்கு. பொழுது பட்ட பிறகு அந்தப் பாதையில் ஒருவரும் வண்டி ஓட்டுவதில்லை, ஓட்டியவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்ததுமில்லை.

தலைவி பூட்ஸில் ஒட்டிய பனியோடு உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவசரப் பட்டியலில் இருந்த இரண்டு பேருக்கு அழைத்தார். ஒருவர் அந்த நகரத்தில் எங்கள் கள அலுவலகத்தை நடத்துபவர். மற்றவர் பாதையோரக் கிராமத்துத் தலைவர்களோடு கதைத்துப் பழக்கப்பட்டவர். பாதையில் ஏதோ நடக்கிறது, என்னவென்று தெரியவில்லை, மெதுவாக விசாரிக்கிறோம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

"சரி, இனி இருப்பம்" என்றார் தலைவி.

"இருந்து என்ன செய்யிறது? பொழுதுபட இன்னும் ரெண்டு மணித்தியாலம் கூட இல்லையே!"

"அண்ணை, இந்த ரெண்டு பேரையும் விட வேற ஒருத்தருக்கும் போன் அடிக்க வேணாம். விளங்குதா? ஒருத்தருக்கும்."

"ஓம், விளங்குது."

விளங்கத்தான் செய்தது. அவர் பக்கத்து அறைக்குள் போய் உதவி அமைப்பின் தலைமை அலுவலகத்தோடு கதைக்கத் தொடங்கினார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். கடவுளே, ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறானோ தெரியாது, நான் இங்கே கதிரையைச் சூடாக்கிக்கொண்டு இருக்கிறேன் என்று மனம் அடித்துக்கொண்டது. பனி தள்ளுகிற வண்டி வருகிறது, காரை மாற்றி நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினேன். காருக்குள் இருந்து வோபர்ன் கடைக்காரருக்கு அடித்தேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கள் ஊர்ப் பாதையில் இன்றைக்கு ஏதாவது பிரச்சினையா? எங்கள் வெள்ளை வண்டி ஒன்றைக் காணவில்லை." இவ்வளவுதான். யூசுப்பின் பெயரைச் சொல்லவில்லை. ஒரேயொரு ஆளுக்குத்தான் சொன்னேன். அதையும் காதும் காதும் வைத்த மாதிரி இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர், "கவலைப்படாதே சகோதரா, இப்போதே கேட்கிறேன்" என்றார். மேலே ஏறி வரும்போது மனம் லேசாக இருந்தது. ஏதோ செய்துவிட்டேன் என்ற அந்தச் சுகம் இருக்கிறதே, பிள்ளைகளே, அதற்குத்தான் மிகவும் பயப்படவேண்டும்.

ஒன்பது இருபதுக்குக் கள அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. தலைவி ஸ்பீக்கரில் போட்டார். யூசுப்பின் மனைவி அலுவலக வாசலில் நின்று கதறுகிறாள் என்றார்கள். வெள்ளை வண்டியைச் சுட்டுவிட்டார்கள், டிரைவர் செத்துவிட்டான் என்று ஊர் முழுக்கக் கதை. அவளுடைய தம்பி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்காவின் புருஷனைத் தேடிப் போய்விட்டான். ஊர் எல்லையில் நாலு பேர் மறித்தும் கேட்கவில்லை. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தலைவி கேட்டார்.

கனடாவில் இருந்து வந்தது என்று பதில் வந்தது.

அறையில் தலைவி, நான், என்னோடு முறை பார்க்கும் இன்னொருவன் என்று மூன்று பேர் இருந்தோம். தலைவி மற்றவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எத்தின பேருக்குச் சொன்னீங்க, அண்ணை?"

"ஒராளுக்குத்தான் சொன்னனான்."

"ஒராளுக்கு."

அவர் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. கடைக்காரர் ஊரில் இருக்கும் தன் தங்கைக்குச் சொன்னார், தங்கை அயலவருக்குச் சொன்னாள், அயலவர் யூசுப்பின் மனைவியின் மாமிக்குச் சொன்னார் என்று பிறகு கண்டுபிடித்தோம். ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறார்கள். காணாமல் போன வண்டி, கதை மூன்றாவது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சுடப்பட்ட வண்டி ஆகிவிட்டது. எங்கள் வீட்டுத் தொலைபேசிகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

"அந்தக் கடைக்காரருக்கு இப்ப எடுங்க" என்றார் தலைவி. "அவர் சொன்ன ஆக்களுக்குத் திருப்பி ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்க. ஒன்றும் தெரியாது, ஒருத்தரும் செத்ததெண்டு சொல்லேல்ல, வீட்ட விட்டு வெளிக்கிட வேணாம். அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு சொல்லும் கூட்ட வேணாம்."

எடுத்தேன். கடைக்காரர் நொந்துபோனார். உதவிக்குத்தானே செய்தேன் என்றார். நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைவி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு யூசுப்பின் மனைவியோடு தானே கதைத்தார். "உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னார். இழுக்கவில்லை, பூசி மெழுகவில்லை, கடவுள் பார்த்துக்கொள்வார் என்றும் சேர்க்கவில்லை. எனக்கு அந்த வசனம் ஒருநாளும் வாயில் வந்ததில்லை. எங்கள் ஆட்களுக்கு, "தெரியாது" என்று சொல்வதைவிடப் பொய் சொல்வது சுலபம்.

ஒன்பது ஐம்பதுக்கு யூசுப் அழைத்தார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை, சாப்பிட்டுவிட்டுக் கதைக்கிற குரல். நகரத்துப் பக்கத்தில் இருந்து அரை மணித்தியாலமாக ஒரு வண்டிகூட எதிரே வரவில்லையாம். வராவிட்டால் முன்னால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். உடனே பாதையை விட்டு விலகி ஒரு கிராமத்துக்குள் போய், வண்டியை மரத்துக்குக் கீழே மறைத்து, போனை அணைத்துவிட்டார். ஆயுதக்காரர்கள் யாராவது வந்து போனைப் பார்க்கும்போது வெளிநாட்டு இலக்கம் ஒன்று அடித்தால், உளவாளி என்று அந்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள். அதனால் எல்லாம் அடங்கும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். விடிந்த பிறகுதான் கிளம்பப் போவதாகச் சொன்னார். கையேட்டின்படி அவர் செய்தது முழுப் பிழை. அவர் உயிரோடு இருந்ததும் அந்தப் பிழையால்தான்.

அறையில் மற்றவன் கைதட்டினான். தலைவி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். பிறகு யூசுப்பின் மைத்துனன் அவரைத் தேடி அந்தப் பாதையில் புறப்பட்டுப் போயிருக்கிறான் என்று சொன்னார். "ஏன்?" என்று மட்டும் யூசுப் கேட்டார்.

அந்தப் பையனுக்கு இருபத்தாறு வயது. சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தான். யூசுப் எதைக் கண்டு ஒதுங்கினாரோ, அதற்குள் அவன் நேரே போய் விழுந்தான். ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த ஒன்பது நாளும் நான் வேலைக்கு வந்தேன், வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், நித்திரை கொள்ளவில்லை. பத்தாம் நாள் ஆயுதக்காரர்கள் அவனை ஒரு சந்தியில் இறக்கிவிட்டுப் போனார்கள். உயிரோடு வந்தான். வலது கையை உடைத்திருந்தார்கள், அது கோணலாகப் பொருந்தி, விரல்கள் மடங்காமல் போய்விட்டன. தையல்காரன் அவன்.

நான் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். தலைவி அதை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"போறது லேசு, அண்ணை. நீங்க போனா இந்தக் கதிரையில புதுசா ஒராள் வந்து இதையே செய்வார். நீங்க இனிச் செய்ய மாட்டீங்க."

இது மன்னிப்பு இல்லை, கணக்காகச் சொல்லப்பட்ட காரணம். எனக்கு மன்னிப்பைவிட அது பிரயோசனமாக இருந்தது. ஒளிவுமறைவு இல்லாமல் அன்று நடந்ததை அறிக்கையாக எழுதி, என் பெயரையும் போட்டு, எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அந்தப் பையனின் வைத்தியத்துக்கு அமைப்பு பொறுப்பெடுத்தது. விரல்களுக்கு வைத்தியம் இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

யூசுப்போடு கதைக்க எனக்கு இன்னும் ஒரு கிழமை எடுத்தது. அறிக்கையை அவரும் வாசித்திருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று விதமாக மன்னிப்புக் கேட்டேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டினால் நல்லது என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அந்தக் கிராமத்தில் மரத்துக்குக் கீழே இருந்தபோது தான் நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார். ரொறன்ரோவில் இருப்பவர்கள் இந்த வேலை தெரிந்தவர்கள், நான் சத்தமில்லாமல் இருந்தால் அவர்களும் சத்தமில்லாமல் இருப்பார்கள் என்று நினைத்தாராம்.

பிறகு, வருகிற செவ்வாய்க்கிழமை அதே பாதையில் போகவேண்டும், அன்றைக்கு மேசையில் யார் என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

"அப்படியென்றால் நான் போனை அணைக்க மாட்டேன்" என்றார் யூசுப்.

கோபமாகச் சொல்லவில்லை. வண்டிக்கு எத்தனை லீற்றர் எண்ணெய் வேண்டும் என்று சொல்கிற அதே குரல். ஆயுதக்காரர்களிடம் அந்தப் போன் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அணைத்துவிட்டு என்னை நம்பி இருப்பது அதைவிட ஆபத்து என்று நினைத்துவிட்டார். நான் கெஞ்சினேன். "ஒருவருக்கும் சொல்ல மாட்டேன், சத்தியமாகப் பேசாமல் இருப்பேன்" என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேரே தலைவியிடம் போய், வருகிற செவ்வாய்க்கிழமை என்னை மேசையில் இருந்து எடுத்துவிடுங்கோ என்று கேட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு முறை அட்டவணையை எடுத்து, என் பெயரை வெட்டி, தன் பெயரை எழுதினார். அதை யூசுப்புக்கு அறிவித்தார்.

செவ்வாய்க்கிழமை யூசுப் தேவைப்பட்ட இடத்தில் போனை அணைத்து, மூன்று மணித்தியாலம் சத்தமில்லாமல் இருந்து, பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.